பாதி டாங்கில் கிளம்ப வேண்டிய வண்டி

கிமியே தெராவோ வேலை பார்க்கும் இடத்தில் குளிர், உறைநிலைக்கு அறுபது டிகிரி கீழே. யாய்ஸு துறைமுகத்துச் சூரைமீன் கிடங்கு அது. உள்ளே மீன்கள் கல்லாய் விறைத்து அடுக்கடுக்காய்க் கிடக்கும். அவற்றைத் தூக்கி இறக்கும் ஃபோர்க்லிஃப்டை கிமியே ஓட்டுகிறார். கொஞ்ச நேரம் உள்ளே, கொஞ்ச நேரம் வெளியே வந்து சூடாகத் தேநீர், மறுபடி உள்ளே. முப்பது வருடத்துக்கு மேலாக இதே வேலை. கிடங்குக் கதவுக்கு வெளியே எங்கள் ஊரில் பனி என்று ஒன்று கிடையாது. ஜனவரியிலும் ஆரஞ்சுத் தோட்டங்களில் வெயில் அடிக்கும். தப்பித் தவறி நாலு துகள் விழுந்தால் பள்ளிக்கூடத்தில் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஊரில் ஒரு பனிச்சறுக்குக் குழு இருக்கிறது. அதில் இருப்பவர்கள் எல்லாருமே கிடங்குக்காரர்கள்.

"எங்களுக்குக் குளிர் தெரியும், பனிதான் தெரியாது" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் நோனகா சொல்வார். நோனகா, கிமியேவுக்கு அடுத்த வரிசையில் அதே மாதிரி வண்டி ஓட்டுபவர். ஐம்பது வயது. எந்த இடத்துக்கும் கடைசியாக வந்து முதலில் சிரிப்பவர்.

கிமியே முதன்முதலில் பனியைப் பார்த்தது கம்பெனிச் சுற்றுலாவில். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. வாடகைக்கு எடுத்த சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, வேலியில் போய் மோதினார். எழுந்து மறுபடி மேலே நடந்தார். பஸ் கிளம்பும்வரை அதையே செய்தார். அவருடைய கணவர் மித்ஸுகு முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். ஒரு தடவைகூடக் கூட வந்ததில்லை.

"பனி எதுக்கு? மீன் கெடாம இருக்க. அதுல மனுஷன் போய் எதுக்கு உருளணும்" என்று அவர் கத்தரிக்கோலை நிறுத்தாமல் சொல்வார். நாற்காலியில் இருப்பவர் கழுத்தை ஆட்ட முடியாமல் "ம்" என்பார்.

குழுவின் பயணப் பொறுப்பு கிமியேவிடம் வந்தது ஒரு வருடக் கடைசி விருந்தில். அவர் எழுந்து கழிப்பறைக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். "யாருக்கு?" என்று கேட்டார். "உங்களுக்குத்தான், பொறுப்பாளரே" என்றார் நோனகா. எங்கள் ஊரில் சங்கமோ கம்பெனியோ தெருக்குழுவோ, கை தட்டி முடித்த காரியத்தை யாரும் மாற்றுவதில்லை. அதற்குப் பின் பதினைந்து குளிர்காலம் போயிருக்கும்.

திட்டம் போடும் வேலை நவம்பரில் தொடங்கும். எந்த மலை, எந்தச் சாலை, எந்தச் சுரங்கப்பாதைக்கு முன்னால் சிறுநீர் கழிக்க நிறுத்துவது, எந்தக் கடையில் சோற்று உருண்டை வாங்குவது என்று எல்லாவற்றையும் கிமியே முடிவு செய்வார். சாலை நிலவரம் காட்டும் கேமராப் படங்களைச் சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பிப்ரவரி சனிக்கிழமை ஒன்றில் விடியும் முன் கிளம்பினால், யமனாஷி வழியாக வடக்கே ஏறி, சுவா ஏரிக்கரையில் காலை உணவு, மாத்ஸுமொதோ தாண்டி வண்டிக்கு டீசல், மதியத்துக்கு மேல் ஏதாவதொரு சிறிய மலையில் கால் பழக்கம், இருட்டும்போது ஒதாரியில் விடுதி. வழியில் அங்கே இங்கே நிறுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "அடுத்த வருஷம் பாக்கலாம்."

கணக்குப் பிரிவில் இருக்கும் உஷியாமா, சாதுவான பெண்மணி, கிசோ பள்ளத்தாக்கில் ஒரு சொபா நூடுல்ஸ் கடைக்குப் போக வேண்டுமென்று ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு வருடமும் அடுத்த வருடம்தான்.

கிமியேவுக்குச் சில சட்டங்கள் உண்டு. பனியில் வண்டியை நிறுத்தினால் கண்ணாடித் துடைப்பானைத் தூக்கி நிறுத்த வேண்டும். கைப்பிரேக் இழுக்கக் கூடாது, உறைந்து பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல், வண்டி எங்கள் ஊரை விட்டுப் பாதி டாங்குக்கும் குறைவான டீசலோடுதான் கிளம்ப வேண்டும். கடற்கரையில் விற்கும் டீசல் வேறு, மலையில் குளிர்காலத்தில் விற்கும் டீசல் வேறு. இங்கே நிரப்பியதை அங்கே கொண்டுபோனால் ராத்திரியில் மெழுகாகத் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். முதல் வருடம் அது தெரியாமல் போய், பாதி நாள் ஒரு கார் நிறுத்துமிடத்தில் குந்தியிருந்தார்கள். அறுபது டிகிரிக் குளிரில் வேலை செய்கிறவர்கள் பதினைந்து டிகிரிக் குளிரில் மாட்டிக்கொண்ட கதையை ஊரில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கிடங்கில் எல்லா வண்டியும் பாட்டரியில் ஓடுவது. எண்ணெய் உறையும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வருடத் திட்டத்தில் ஒரு வித்தியாசம் இருந்தது. மலையைக் கிமியே தனக்காகத் தேர்ந்தெடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அங்கே பனிச்சறுக்கு முதல் நிலைத் தேர்வு.

இரண்டாம் நிலையை அவர் நாற்பது வயதில் தாண்டியிருந்தார். அதற்கு மேலே உள்ள முதல் நிலைக்குப் பல தடவை போய்விட்டார். இரண்டு தடவை ஒரே ஒரு மதிப்பெண்ணில் போனது. இரண்டு தடவையும் மேடு பள்ளச் சரிவில்தான். இதற்கிடையில் வலது முழங்காலில் எலும்பும் எலும்பும் உரச ஆரம்பித்துவிட்டது. ஏப்ரலில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

"அதுக்கப்புறம் சறுக்கலாமா, டாக்டர்?"

"சமமான சரிவுல மெதுவாப் போங்க. மேடு பள்ளமெல்லாம் மறந்துடுங்க."

மேடு பள்ளம் இல்லாமல் முதல் நிலை கிடையாது. அதனால் இந்த பிப்ரவரிதான்.

"அது வந்து என்ன ஆகப்போகுது? சம்பளம் கூடுமா?" என்று மித்ஸுகு கேட்டார்.

"கூடாது."

"பின்ன?"

"நான் நடுநிலைப்பள்ளியோட நின்னவ. ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸத் தவிர ஒரு பரீட்சையும் பாஸ் பண்ணதில்ல. இதுல ஒரு மார்க்குல நிக்கிறேன். அப்படியே விட்டுட்டு ஆஸ்பத்திரிக் கட்டில்ல போய்ப் படுக்க எனக்குப் பிடிக்கல."

அன்று இரவு மித்ஸுகு முழங்காலுக்கு ஒட்டும் மருந்துப் பட்டையை இரண்டு பெட்டி வாங்கிவந்து மேசையில் வைத்தார்.

வண்டி கத்ஸுமாதாவுடையது. கிடங்கின் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். பத்துப் பேர் உட்காரும் டீசல் வேன் வைத்திருந்தார். எல்லா வருடமும் அவரே ஓட்டுவார். இந்த முறை கிளம்ப நாலு நாள் இருக்கும்போது கால் கட்டைவிரலில் வாதம் வந்து செருப்பே போட முடியாமல் படுத்துவிட்டார். "வண்டிய எடுத்துட்டுப் போங்க, நான் இல்லன்னா என்ன" என்று சொல்லிவிட்டார். வேறு இரண்டு பேருக்கும் விடுப்புக் கிடைக்கவில்லை. மிஞ்சியது கிமியே, நோனகா, உஷியாமா மூன்று பேர்.

சனிக்கிழமை இருட்டோடு கத்ஸுமாதா வீட்டு வாசலுக்குப் போனார்கள். வேன் கழுவித் துடைத்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு, அதன்மேல் ஒரு சீட்டு: "எண்ணெய் நிரப்பியிருக்கிறேன். கவலையில்லாமல் போய்வாருங்கள். சுமியே."

சுமியே, கத்ஸுமாதாவின் மனைவி. பனிச்சறுக்கு என்றால் என்னவென்றே தெரியாதவர். முந்தின நாள் எண்ணெய் அளவு காட்டும் முள் கீழே கிடப்பதைப் பார்த்திருக்கிறார். இரவல் போகும் வண்டியை வெறும் டாங்கோடு அனுப்பினால் வீட்டுக்கே அவமானம் என்று நினைத்து, கணவர் தூங்கும்போதே போய் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார்.

கிமியே சாவியைத் திருப்பினார். முள் ஏறி ஏறி உச்சியில் போய் நின்றது.

வாசலில் சுமியே நின்றுகொண்டிருந்தார். "எங்க வீட்டுக்காரர் வர முடியாமப் போச்சு. இதாவது செய்யலாம்னு..." என்று குனிந்தார்.

கிமியே இறங்கி, அதைவிடத் தாழக் குனிந்தார். "ரொம்ப உதவி, சுமியே-சான். இவ்வளவு சிரமம் எடுத்திருக்கீங்க."

மாடி ஜன்னலில் கத்ஸுமாதா தெரிந்தார். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

வேன் தெருவைத் தாண்டும்வரை சுமியே குனிந்தபடியே இருந்தார். முதல் ஓய்விடத்தில் நிறுத்தியதும் கிமியே கத்ஸுமாதாவைக் கூப்பிட்டார்.

"பாத்தீங்களா, தெராவோ-சான்?"

"பாத்தேன். தளும்பிட்டு நிக்குது."

"அவகிட்ட விஷயத்தச் சொல்லி வைக்காதது என் தப்பு. கால் வலிக்கு மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன். முழிச்சுப் பாக்கறேன், வண்டியக் காணோம். வந்து நிக்கறா, மூஞ்சியெல்லாம் சந்தோஷம். நான் என்னன்னு சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. கடைசிவரைக்கும் சொல்லாதீங்க. குழாய் விட்டு உறிஞ்ச முடியுமா இதுல?"

"முடியாது. புது வண்டி, உள்ள வலை போட்டு வச்சிருக்கான். ஓட்டித்தான் தீக்கணும். முள்ளு கால் பங்குக்கு வர்ற வரைக்கும் ஓட்டுங்க, மேல ஏறுறதுக்கு முன்னால மலை டீசல் நெரப்புங்க. கலந்துட்டாப் பரவாயில்ல."

கிமியே மனத்துக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். நேர் வழியில் போனால் விடுதி வரும்போதும் பாதி டாங்கு மிச்சம் இருக்கும். வேறு வழியில்லை. திரும்பி உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார்:

"உங்களுக்கெல்லாம் எங்கயாவது போகணுமா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புரியலையா? எண்ணெய் எரியணும். சுத்தணும். எங்க போகலாம்?"

"கிசோ" என்றார் உஷியாமா, கிமியே வாய் மூடுவதற்குள்.

"மாத்ஸுமொதோல என் கூடப் படிச்சவன் கிட்டார் செய்யற பட்டறை வச்சிருக்கான்" என்றார் நோனகா. "இருபது வருஷமா வா வான்னு கூப்பிடறான்."

"சரி, ரெண்டும் போலாம்."

"பொறுப்பாளரே, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"வாய மூடிட்டு ஆரஞ்சு உரிங்க."

கிசோவில் சொபா நன்றாக இருந்தது. உஷியாமா இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, நூடுல்ஸ் வெந்த நீரையும் குடித்துவிட்டு, கடைக்காரரிடம் மாவு எங்கே அரைக்கிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கிமியே வாசலில் நின்று முள்ளையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வடக்கே வானம் சாம்பலாக இறங்கியிருந்தது. மாத்ஸுமொதோவில் கிட்டார்க்காரர் நோனகாவைப் பார்த்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டார். தேநீர் வந்தது. ஊறுகாய் வந்தது. பாதி செய்த கிட்டார் ஒன்று வந்தது. நோனகா அதற்கு நரம்பில்லை என்பதையும் பொருட்படுத்தாமல் வாசித்துக் காட்டினார். கிமியே இரண்டு தடவை எழுந்து நின்றார். இரண்டு தடவையும் கிட்டார்க்காரர் "உக்காருங்க, உக்காருங்க, இன்னும் ஆப்பிள் வெட்டல" என்றார்.

அங்கேயே நிரப்பிவிடலாமா என்று கிமியே யோசித்தார். முள் பாதிக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. இப்போது நிரப்பினால் கலவையில் பாதிக்குப் பாதி எங்கள் ஊர் டீசலாக இருக்கும். இன்னும் மேலே, ஒதாரி பள்ளத்தாக்கின் வாயில் ஒரு பங்க் உண்டு. எல்லா வருடமும் அங்கேதான் நிரப்புவார்கள். ஆறு மணிக்கு மூடுவார்கள். அதற்குள் போய்விடலாம், முள்ளும் இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்.

கணக்கு சரிதான். ஆனால் ஓமாச்சி தாண்டியதும் பனி கொட்டத் தொடங்கியது. முன்னால் போன லாரிகள் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டுவதற்காக வரிசையாக நின்றுவிட்டன. ஊர்ந்து ஊர்ந்து பங்குக்கு வந்தபோது விளக்கு அணைந்திருந்தது. வாசலில் கட்டிய கயிற்றின் மேல் ஏற்கெனவே ஒரு விரல் பருமனுக்குப் பனி.

"திரும்பிக் கீழ போய் நெரப்பிட்டு வந்துடலாம்" என்றார் கிமியே. வானொலியைப் போட்டால், பின்னால் ஒரு லாரி குறுக்கே நின்று சாலை அடைபட்டிருக்கிறது என்றார்கள்.

நோனகா கையிலிருந்த ஆரஞ்சைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

விடுதிக்காரர் ஓரிஹாரா இவர்களுக்குப் பழக்கமானவர். காலையில் மலையில் சறுக்குபவர்களை மேலே ஏற்றும் லிப்டை இயக்குபவராகவும் வேலை பார்ப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினார். "நம்மகிட்ட இருக்கறதெல்லாம் பெட்ரோல் வண்டி. தெக்குச் சுவத்துல மூக்க ஒட்டி நிறுத்துங்க, காத்து படாது. பழைய மெத்தை ஒண்ணு இருக்கு, மேல போத்துங்க."

"காலைல எவ்வளவு இறங்கும்?"

"பூஜ்யத்துக்குக் கீழ பதினேழு பதினெட்டு. உங்களுக்கு அது வெயில்தானே?"

"எங்களுக்கு வெயில்தான். வண்டிக்குத்தான் பாவம்."

காலையில் மெத்தையை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்கள். ஒரே திருப்பில் இயந்திரம் உறுமியது. உஷியாமா கைகூப்பினார். நோனகாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. தேர்வுக்குப் பெயர் பதிவு எட்டரைவரை. நேரம் தாராளமாக இருந்தது. வேன் பனிச்சுவர்களுக்கு நடுவே ஏறத் தொடங்கியது. இரண்டாவது வளைவில் இருமியது. மூன்றாவது வளைவில் மூச்சு வாங்கியது. அப்புறம் சத்தமில்லாமல் ஓரமாக நகர்ந்து நின்றது. கிமியே மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினார். வடிகட்டி அடைத்துக்கொண்டுவிட்டது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் திருப்பினார்.

கீழே இருந்து ஓரிஹாராவின் குட்டி லாரி வந்தது. மலைக்கு வேலைக்குப் போகிறார். கண்ணாடியை இறக்கினார்.

"நின்னுடுச்சா? நான் மேல போய் டிராக்டர்காரன அனுப்பறேன். ஒருத்தர் ஏறிக்கலாம். பலகைய பின்னால போடுங்க. பரீட்சைக்காரங்க யாரு?"

அந்த லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரே இருக்கைதான். நோனகாவும் உஷியாமாவும் கிமியேவைப் பார்த்தார்கள்.

"நான் போகல" என்றார் கிமியே.

"என்ன பேசறீங்க?" என்றார் நோனகா.

"பொறுப்பாளர் நான். வண்டி நடு வழியில நிக்குது, ரெண்டு பேர பனியில விட்டுட்டு நான் போய்ச் சறுக்கணுமா? கத்ஸுமாதா-சான் வண்டி வேற. எல்லாரும் இறங்கினப்புறம் கடைசியா இறங்கறவதான் பொறுப்பாளர்."

"கிமியே-சான், எட்டு அடிச்சாச்சு" என்றார் உஷியாமா.

"தெரியும்."

"ஏப்ரல்ல கால்ல ஆபரேஷன்."

"அதுவும் தெரியும்."

சும்மா சொல்லவில்லை. விடுதிக்கு ஆள் பத்திரமாகப் போய்ச் சேரும்வரை குடிக்கக்கூட மாட்டார். ஒரு வருடம் ஒருவர் செருப்பை மாற்றிப் போட்டுப் போனதற்கு இரண்டு மணி நேரம் விடுதி விடுதியாகத் தேடியிருக்கிறார். அவர் ஏற மாட்டார் என்பது மற்ற இருவருக்கும் தெரிந்தது.

நோனகா வேனிலிருந்து குதித்து இறங்கினார். சாலையின் நடுவில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"யாய்ஸு கிடங்குப் பனிச்சறுக்குக் குழுவோட அவசரக் கூட்டத்தத் தொடங்கி வைக்கிறேன்."

"நோனகா-சான், விளையாட நேரமில்ல."

"வந்திருக்கறவங்க மூணு பேர். பொருள் ஒண்ணுதான். பயணப் பொறுப்பாளர் தெராவோ கிமியே அவர்கள், வண்டிய நடு வழியில நிறுத்தினதுக்காகப் பதவியிலிருந்து விலக்கப்படறாங்க."

"நானா நிறுத்தினேன்? நீங்க ஆப்பிள் தின்னுட்டு உக்காந்ததுக்கு..."

"ஆமா. அதனாலதான் புதுப் பொறுப்பாளரா நோனகாவ முன்மொழியறேன். எனக்கு அது தண்டனை. ஆட்சேபம் இல்லாதவங்க கை தட்டுங்க."

உஷியாமா கை தட்டினார். தடித்த கையுறையில் சத்தம் பொத் பொத் என்று கேட்டது. லாரிக்குள் இருந்து இன்னொரு கைதட்டலும் கேட்டது.

"நீங்க குழுவுல இல்லையே" என்றார் கிமியே.

"பார்வையாளர்" என்றார் ஓரிஹாரா. தட்டுவதை நிறுத்தவில்லை.

கிமியே மூன்று பேரையும் பார்த்தார். கை தட்டியாகிவிட்டது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவர் இல்லாதபோது தட்டியதை அவர் மறுக்கவில்லை. இதை மட்டும் எப்படி மறுப்பது?

"புதுப் பொறுப்பாளர் சொல்றேன்" என்றார் நோனகா. "பலகைய எடுத்துட்டு ஏறுங்க. பூட்ஸ் அங்க போய் மாட்டிக்கலாம். உஷியாமா-சான், அவங்க தலைக்கவசம் எங்க?"

"எச்சரிக்கை விளக்கு போடுங்க. சிவப்பு முக்கோணத்த வளைவுக்கு அந்தப் பக்கம் வைங்க. புகைக்குழாயில பனி ஏறாம..."

"முன்னாள் பொறுப்பாளர் பேசக் கூடாது."

லாரி கிளம்பியது. கிமியே பின்னால் திரும்பிப் பார்த்தார். நோனகா முக்கோணத்தைத் தலைகீழாக விரித்துக்கொண்டிருந்தார். கிமியே வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

பதிவு மேசையில் இருந்த பெண் பேனாக்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். கிமியேவைப் பார்த்ததும் பெட்டியை மறுபடி திறந்தார். பதினேழாம் எண் கிடைத்தது.

தேர்வு நாலு பிரிவு. பெரிய வளைவுகள் இரண்டு விதம், சிறிய வளைவுகள், கடைசியில் மேடு பள்ளம். மூன்று நடுவர்கள் கீழே நின்று பார்ப்பார்கள். தேர்வுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கல்லூரிக்காரர்கள். நீலமும் மஞ்சளுமாக ஒரே மாதிரி உடை. மீதிப் பேர் கிமியே மாதிரி, எங்கெங்கோ வேலை செய்துவிட்டு வார இறுதியில் வந்தவர்கள். பதினாறாம் எண் ஒரு பல் மருத்துவர், நாற்பது வயதிருக்கும். லிப்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்:

"இது எத்தனாவது தடவை?"

"எண்ணறத விட்டுட்டேன். உங்களுக்கு?"

"நாலு. எங்க வீட்டுல சொல்லாம வந்திருக்கேன். கருத்தரங்குன்னு சொல்லிருக்கேன்."

முதல் மூன்று பிரிவும் கிமியேவுக்கு வழக்கம்போலப் போயின. நன்றாக என்று சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. ராத்திரி விழுந்த பனியைத் தட்டிச் சமன் செய்திருந்தார்கள். பலகை வழுக்காமல் பிடித்தது. மேடு பள்ளச் சரிவின் தலையில் போய் நின்றபோது முழங்காலுக்கு உள்ளே யாரோ திருகு முடுக்குவது போலிருந்தது. பதினாறாம் எண் இறங்கினார். பாதியில் ஒரு பலகை பறந்து போனது. பலகையை மீட்டு, ஓரமாக ஒதுங்க நேரம் பிடித்தது. நின்று காத்திருந்ததில் கிமியேவின் கால் இன்னும் விறைத்துக்கொண்டது.

கீழே நடுவர் கொடி அசைத்தார்.

முதல் மேடு, இரண்டாவது மேடு. பள்ளத்தில் பலகையின் முனை இறங்கும் ஒவ்வொரு முறையும் வலி கண்ணுக்குள் வந்தது. இடது காலில் எடையை மாற்றினால் வலி குறையும்; ஆனால் இறங்கும் கோடு வளையும், மதிப்பெண் போகும். போன இரண்டு தடவையும் அவர் அப்படித்தான் மாற்றியிருந்தார். இந்தத் தடவை மாற்றவில்லை. வலது காலையே ஊன்றி, பாதியில் ஒரு இடத்தில் வாய்விட்டு ஏதோ கத்தியும் விட்டார். கீழே வந்து நின்றபோது நடுவர்களில் ஒருவர் எழுதிக்கொண்டே "அடி பட்டுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. பழசு" என்றார் கிமியே.

முடிவு சொல்ல மதியமாகும் என்றார்கள். உணவகத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். நோனகாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது: டிராக்டருக்குப் பின்னால் கயிற்றில் வேன், முன்னால் உஷியாமா இரண்டு விரலை விரித்துக் காட்டிச் சிரிக்கிறார். அடியில் ஒரு வரி: "ஓரிஹாரா-சான் மச்சான் பட்டறைக்குள்ள வண்டிக்குச் சூடு காட்டறாங்க. மத்தியானம் வர்றோம். பொறுப்பாளர்."

தலைமை நடுவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அந்த மலையில் ஒரு வழக்கம். தேறியவர்களின் எண்களை மட்டும் படிப்பார்கள். எண் வராதவர்கள் சத்தமில்லாமல் எழுந்து போவார்கள்.

"மூன்று. எட்டு. பன்னிரண்டு."

கல்லூரிக்காரர்கள் பக்கம் ஒரு கூச்சல் எழுந்து அடங்கியது.

"பதினேழு."

கிமியே உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தார். குனிந்து, தன் மார்பில் கட்டிய துணியில் தலைகீழாகத் தெரிந்த எண்ணைப் படித்துப் பார்த்தார். பல் மருத்துவர் தோளில் தட்டினார்.

"நீங்கதான். போய் வாங்குங்க."

"உங்களுக்கு வரலையே."

"எனக்குக் கருத்தரங்கு அடுத்த வருஷமும் இருக்கு. போங்க."

கிமியே எழுந்தார், ஆனால் அடி எடுத்து வைக்க முடியவில்லை. வலது பூட்ஸுக்குள் கால் முழுக்க இறுகிப்போயிருந்தது. மேசை மேசையாகப் பிடித்துக்கொண்டு போய்ச் சின்னத்தை வாங்கினார். நகத்தளவு தகடு. சட்டைப்பையில் போட்டு, பொத்தானை மாட்டி, பொத்தான் மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

நோனகாவும் உஷியாமாவும் உள்ளே வந்தபோது கிமியே தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரில் பல் மருத்துவர் முட்டி போட்டு, பூட்ஸின் கொக்கிகளைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் நோனகா. முகத்தில் சிரிப்பில்லை.

"ஆச்சு" என்றார் கிமியே. "பாஸ்."

நோனகா தலையிலிருந்த குல்லாவைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். உஷியாமா திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

"இவங்க பூட்ஸ் வரமாட்டேங்குது. ஒரு கை கொடுங்க" என்றார் பல் மருத்துவர். "பல்லுன்னா நானே பிடுங்கிருப்பேன்."

நோனகா குதிகாலைப் பிடித்தார். மருத்துவர் மேல்பக்கத்தை விரித்தார். உஷியாமா பின்னாலிருந்து கிமியேவின் இரண்டு தோளையும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் இழுத்ததில் பூட்ஸ் கழன்று, நோனகா மேசைக்கடியில் போய் விழுந்தார். முழங்கால் பரங்கிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

கிமியே அதை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இனி நீ எப்படி வேணா வீங்கிக்க" என்றார் அதனிடம்.